பழைய பேஸ் ஆம்ப் வாங்குவதும் விற்பதும்: எதற்குப் பணம் தருகிறோம்?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் 1970களில் செய்த ஆம்பெக் எஸ்விடி ஹெட்டும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) அதன் 8×10 கேபினட்டும் (10 அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள பெட்டி) இருக்கின்றன. இப்போது அவர் வாசிப்பது பெரும்பாலும் சிறிய அரங்குகளிலும் ரெக்கார்டிங் அறைகளிலும்தான். எஸ்விடியை விற்றுவிட்டு 1960களின் ஆம்பெக் பி-15 அல்லது பழைய ஃபெண்டர் பேஸ்மேன் வாங்கலாமா, இரண்டில் எது நல்லது, வாங்கும்போது எதைப் பார்ப்பது, தன்னுடையதை எப்படி விற்பது என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் வேலைக்குப் பி-15தான். ஆனால் கெட்டுப்போன பி-15ஐ விட ஒழுங்காகப் பராமரித்த பேஸ்மேன் பல மடங்கு மேல். பழைய ஆம்பில் நாம் பணம் கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும், ஸ்பீக்கருக்கும், பெட்டிக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும்தான். ட்யூப் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்), கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), மின்கம்பி, ஜாக் எல்லாம் தேயும் பொருள்கள், மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து ட்யூப் இருக்கிறதா என்று பத்துத் தடவை கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியதா என்று ஒரு தடவைகூடக் கேட்க மாட்டார்கள்.

சரி, முதலில் சத்தத்தின் கணக்கு. பி-15 கொடுப்பது 25 முதல் 30 வாட். எஸ்விடி 300 வாட். பத்து மடங்கு என்றதும் பத்து மடங்கு சத்தம் என்று தோன்றும். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். அது நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். கூடவே, எட்டு ஸ்பீக்கர் தள்ளும் காற்று ஒரு ஸ்பீக்கர் தள்ளுவதைவிட மிக அதிகம். ஆகவே பலமாக அடிக்கும் டிரம்மர் பக்கத்தில் பி-15 தனியாக நின்றால் திணறும், அதில் சந்தேகமில்லை. அரங்கின் ஒலிபெருக்கிக்கு ஒரு லைன் கொடுத்துவிட்டு, ஆம்பை உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் மட்டும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் தாராளமாகப் போதும். வாரத்தில் எத்தனை நாள் எந்த அறையில் வாசிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

இனி ஒவ்வொன்றாக. பி-15ஐப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆம்பெக் நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல் ஒரு பேஸ் கலைஞர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸின் அடியில் தரையில் ஊன்றும் குச்சி இருக்குமல்லவா, அதற்குள் மைக் ஒன்றைப் பொருத்தி 1940களில் ஒரு கருவி செய்தார். அந்தக் குச்சிக்கு ஆங்கிலத்தில் பெக். 'ஆம்ப்ளிஃபைடு பெக்' என்பதுதான் சுருங்கி ஆம்பெக் ஆனது. ஒலி உடைவது அவருக்கு அறவே பிடிக்காது. அந்தப் பிடிவாதம் பி-15இல் முழுக்கத் தெரியும். ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வந்த இந்த ஆம்பில், ஹெட் பெட்டியின் மூடியோடு சேர்ந்தே இருக்கும். கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கிப் புரட்டிப் போட்டால், உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த சேசிஸ், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம், மேலே நிமிர்ந்து நிற்கும். மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை. கொக்கியைப் போட்டதும் பெட்டி காற்றுப் புகாமல் இறுகிவிடும். அந்த இறுக்கம்தான் அதன் பாதி ஒலி. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 6எல்6 பவர் ட்யூப் இரண்டு, முன்பகுதியில் பெரிய 6எஸ்எல்7 ட்யூப்கள். தட்டைக் கம்பி போட்ட பேஸை அதில் செருகி வாசித்தால் ஒவ்வொரு சுரமும் உருண்டையாக, தொடக்கமும் முடிவும் தெளிவாக வரும். மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனோடு இந்த ஆம்பைச் சேர்த்தே பேசுவார்கள். கிளப் மேடைகளில் அவர் அதைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் ஸ்டுடியோவில் அவருடைய பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக ஒலிப்பதிவுக் கன்சோலுக்கே போயிற்று. அந்த ரெக்கார்டுகளின் ஒலியை நினைத்துக்கொண்டு பி-15 வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பேஸ்மேன் என்று ஒரே பெயரில் பல ஆம்புகள் உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தது. அதற்குத் துணையாக 1952இல் முதல் பேஸ்மேன் வந்தது, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு. 1950களின் முடிவில் வந்த 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்டில் 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு, பெட்டியின் பின்புறம் திறந்திருக்கும். இன்று மிக அதிகமாக விலைபோகும் பேஸ்மேன் இதுதான். பேஸ் வாசிப்பவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பேன். திறந்த பெட்டியில் கீழ்ச் சுரங்கள் வரும்போது ஸ்பீக்கரின் கூம்புகளைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்று இல்லை; அவை தாறுமாறாக ஆடும், பழைய ஸ்பீக்கர் சீக்கிரம் போய்விடும். கிட்டார் வாசிப்பவர்களுக்கோ அது தேன். ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பான ஜேடிஎம்45ஐ இந்தச் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் செய்தார். அதன் விலையை ஏற்றி வைத்திருப்பது கிட்டார்காரர்களின் ஆசை. அந்த விலையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

பேஸுக்கு என்றால் 1960களில் வந்த, ஹெட் தனி, மூடிய 2×12 கேபினட் தனி என்ற பேஸ்மேனைப் பாருங்கள். கறுப்பு முகப்புள்ளது பிளாக்ஃபேஸ், 1968 வாக்கில் தொடங்கிய வெள்ளி முகப்புள்ளது சில்வர்ஃபேஸ். இரண்டும் சுமார் 50 வாட், 6எல்6 இரண்டு. 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தியது என்றால் ஒரு விலை, பிந்தியது என்றால் வேறு விலை என்று சந்தை ஆகிவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் ஒரே நாளில் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. நல்ல நிலையில் உள்ள சில்வர்ஃபேஸ் பேஸ்மேன் ஹெட்டை, நல்ல 15 அங்குலக் கேபினட் ஒன்றோடு ஓம் பொருத்தம் (ஹெட் கேட்கும் மின்தடையும் ஸ்பீக்கரின் மின்தடையும் ஒத்துப்போவது) பார்த்துச் சேர்த்தால், கொடுத்த காசுக்குப் பழைய ஆம்புகளில் அதைவிட நல்ல பேரம் சிலதான் இருக்கும். ஓசை பி-15 அளவுக்கு உருண்டையாக இருக்காது. கொஞ்சம் கரகரப்பு, மேல் பகுதியில் கூடுதல் வெளிச்சம். பிக் என்ற சிறு தகட்டை வைத்து வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கும்.

உங்கள் எஸ்விடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பதற்கு முன் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். எஸ்விடி 1969இல் வந்தது. மொத்தம் 14 ட்யூப், ஹெட் மட்டுமே ஏறக்குறைய 38 கிலோ. முதலில் வந்தவற்றில் பவர் ட்யூபாக 6146பி ஆறு இருந்தன. அவை வானொலி ஒலிபரப்புக் கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை. தலையில் தொப்பி மாதிரி ஒரு உலோக முனையும் அதற்கு ஒரு கம்பியும் இருக்கும். கொஞ்ச காலத்தில் அவற்றை விட்டுவிட்டு 6550க்கு மாறினார்கள். உங்களுடையதைத் திறந்து பாருங்கள். தலையில் தொப்பி இருந்தால் அது ஆரம்பகாலத்தது. சேகரிப்பவர்கள் விரும்புவார்கள், ஆனால் மாற்று ட்யூப் தேடுவது பெரும்பாடு. ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகவும் முடியாது, கால்களின் அமைப்பே வேறு. 6550 என்றால் புதிதாகக் கிடைக்கும், வாசிப்பவருக்கு அதுதான் வசதி. அந்தக் காலத்தில் ஒரு ஹெட்டுக்கு இரண்டு 8×10 கேபினட் வைத்துத்தான் விற்றார்கள், ஒரு கேபினட்டின் ஸ்பீக்கர்கள் 300 வாட்டை முழுதாகத் தாங்காது என்பதால். அந்தப் பழைய கேபினட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் ஸ்பீக்கரில் சில மாற்றப்பட்டிருக்கும், எட்டையும் பார்த்துவிடுங்கள்.

இந்த இரண்டோடு நின்றுவிடாமல் வேறு சிலவற்றையும் யோசிக்கலாம். ஆம்பெக் வி-4பி 100 வாட்; எஸ்விடியின் குணத்தில் பாதிக்கு மேல் அதில் உண்டு, தூக்கவும் முடியும், அதன் பெயருக்கு இன்னும் அவ்வளவு கிராக்கி ஏறவில்லை. கனடாவின் டிரெய்னர் ஒய்பிஏ-1 பழைய பேஸ்மேன் சர்க்யூட்டை ஒட்டியது, முரட்டுத்தனமாக உழைக்கும். சன் நிறுவனத்தின் 200எஸ் தனி ஜாதி. கிங்ஸ்மென் குழுவில் பேஸ் வாசித்த நார்ம் சண்ட்ஹோமுக்கு இருந்த ஆம்ப் சத்தம் போதாமல், தன் சகோதரர் கான்ராடோடு சேர்ந்து ஒரேகான் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. 60 வாட்தான், ஆனால் ஹைஃபை ஆம்புகள் செய்த டைனாகோவின் டிரான்ஸ்ஃபார்மர், ஜேபிஎல்லின் 15 அங்குல ஸ்பீக்கர். சுத்தமான, கனமான ஒலி. இதில் ஒரு எச்சரிக்கை: அந்த ஜேபிஎல் ஸ்பீக்கர்களைக் கழற்றித் தனியே விற்றுவிட்டு வேறு எதையாவது மாட்டி வைத்திருப்பார்கள். பின்பலகையைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அக்கூஸ்டிக் 360ஐ அதை வாசித்த பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பெயருக்காகத் தேடுகிறவர்கள் அதிகம். ஒன்றை மறந்துவிடுவார்கள். 360 என்ற மேல்பெட்டியில் இருப்பது முன்பெருக்கி மட்டுமே. 200 வாட் பவர் பகுதி 361 என்ற கீழ்ப்பெட்டிக்குள், 18 அங்குல ஸ்பீக்கரோடு இருக்கிறது. மேல்பெட்டி மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் வீட்டுக்கு வந்து சத்தம் வராமல் விழிக்க வேண்டும். ஸ்பீக்கர் பின்னோக்கிப் பார்த்து, மடிந்த குழல் வழியாக ஒலி வருவதால், பக்கத்தில் நிற்பவருக்குக் கொஞ்சமாகவும் தொலைவில் இருப்பவருக்கு இடியாகவும் கேட்கும். சிறிய அரங்குக்கு அது வேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்புகளில் எடை ஒரு பிரச்சினை என்றால் 1980களின் காலியன்-க்ரூகர் 800ஆர்பி இருக்கிறது. ஒரு கையால் தூக்கலாம். பொதுவாக 1960களின் டிரான்சிஸ்டர் ஆம்பில், உள்ளே போன டிரான்சிஸ்டருக்கு மாற்று தேடுவது ட்யூப் தேடுவதைவிடக் கஷ்டம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது எல்லோரும் செய்கிற தவறு, ஒவ்வொன்றையும் அதனதன் கேபினட்டில், ஏதோ ஒரு சத்தத்தில் கேட்பது. கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், காதின் இயல்பு அது. ஒரே பேஸ், ஒரே கம்பி, முடிந்தால் ஒரே கேபினட், சத்தத்தையும் சமப்படுத்திக்கொள்ளுங்கள். முதலில் மிகத் தடித்த கம்பியான ஈ கம்பியை, விரலால் அழுத்தாமல், மெதுவாகத் தட்டி விட்டுவிட்டு, அது அடங்கும்வரை கேளுங்கள். அந்தச் சுரம் 41 ஹெர்ட்ஸ். எந்தப் பழைய ஆம்பும் அதை முழுதாகத் தருவதில்லை, நாம் கேட்பதில் பெரும்பகுதி அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ளவையும்தான். அந்த விகிதம் ஆம்புக்கு ஆம்ப் மாறும், ஒரு ஆம்பின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு அதுதான். பிறகு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி நீங்கள் அறையின் மறுமுனைக்குப் போய்க் கேளுங்கள். கடைசியாக டிரம்ஸோடு கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது இனிமையாக இருந்த கீழ் ஒலி டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போவதையும், தனியாகக் கேட்டபோது மூக்கால் பேசுவது போல் இருந்த ஆம்ப் குழுவுக்குள் எழுந்து நிற்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான இடம், திறந்து பார்ப்பது. அதற்கு முன் ஒரு சொல். ட்யூப் ஆம்பின் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எஸ்விடியில் அது 700 வோல்ட் வரை போகும். உயிரை எடுக்கும் அளவு. பழக்கம் இல்லையென்றால் கண்ணால் மட்டும் பாருங்கள், கை வைப்பதை டெக்னீஷியனிடம் விடுங்கள்.

சேசிஸைத் திறந்ததும் நான் முதலில் டார்ச்சை அடிப்பது வால்யூம், டோன் குமிழ்களின் பின்னால். குமிழோடு சேர்ந்து திரும்பும் அந்தப் பாகங்களுக்குப் பாட் என்று பெயர். அவற்றின் முதுகில் ஒரு எண் பொறித்திருக்கும். 1376632 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் எண், 66 வருடம், 32 வாரம். அதாவது 1966 ஆகஸ்டு வாக்கில் செய்த பாட். ஸ்பீக்கரின் விளிம்பிலும் இப்படியே: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபர்ட், 328 என்றால் யூடா. அமெரிக்க ஆம்புகளின் டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர், ஃபெண்டர் அதிகம் பயன்படுத்தியது. சில ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் வருடத்துக்கு ஒரே இலக்கம் மட்டும் இருக்கும். 6 என்றால் 1956ஆ 1966ஆ என்பதை மற்ற பாகங்களை வைத்து முடிவுசெய்ய வேண்டும். இந்த எண்கள் ஆம்ப் பிறந்த நாளைச் சொல்வதில்லை; அதற்கு முன் அது பிறந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்கின்றன. ஃபெண்டர் 1966இல் வாங்கிக் குவித்த பாட்களை அதற்குப் பிறகு சில வருடங்கள் பயன்படுத்தியது. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு விற்பவர் வருடம் சொன்னால் மற்ற எண்களையும் கேளுங்கள். எல்லாம் அருகருகே இருந்தால் நம்பலாம். பாட் 1966, ஸ்பீக்கர் 1977 என்றால் ஸ்பீக்கர் மாறியிருக்கிறது. குற்றமில்லை, ஆனால் விலை குறைய வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்துத்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு சில்வர்ஃபேஸ் பேஸ்மேன் ஹெட் வாங்கினேன். விற்றவர் எல்லாம் அசல் என்றார். பத்து நிமிடம் வாசித்தேன், அருமையாக இருந்தது, பணத்தைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் பயிற்சியில் அரை மணி நேரம் ஆனதும் உருகிய தார் மாதிரி ஒரு வாடை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. டெக்னீஷியன் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் எண்ணே இல்லாத சின்ன ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் சேசிஸில் இரண்டு துளைகள் திருகு இல்லாமல் காலியாக இருந்தன. பழைய டிரான்ஸ்ஃபார்மரின் கால் இருந்த இடம். துளையைச் சுற்றி மட்டும் உலோகம் பளபளவென்று சுத்தமாக, மற்ற இடமெல்லாம் ஐம்பது வருட அழுக்கு. மூடியைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான் எந்த ஆம்பிலும் காலித் துளைகளைத்தான் தேடுகிறேன். சால்டரிங்கும் பேசும்: பழையது மங்கலாக, தூசி படிந்திருக்கும், புதியது மினுங்கும். மினுங்கும் இடங்கள் கெபாசிட்டரில் இருந்தால் நல்ல செய்தி, டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

கெபாசிட்டர் ஏன் நல்ல செய்தி என்றால், பவர் பகுதியில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே ஈரப்பசையோடு வேலை செய்பவை. வருடங்கள் ஆக ஆகக் காய்ந்துபோகும். ஐம்பது வருடத்து அசல் கெபாசிட்டர் இருக்கிறது என்பதைப் பெருமையாகச் சொல்லும் விற்பனையாளர், உண்மையில் அடுத்த மாதச் செலவு ஒன்றைத்தான் அறிவிக்கிறார். அவை தளர்ந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்பை நேராகப் பிளக்கில் செருகிப் பார்க்கவும் கூடாது. டெக்னீஷியன் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுப்ப வேண்டும்.

பழைய அமெரிக்க ஆம்புகளில் பிளக்குக்கு இரண்டு கால்தான் இருக்கும். உள்ளே மின்கம்பியிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெபாசிட்டர் போயிருக்கும். டெத் கேப் என்றே அதற்குப் பெயர். அது பழுதானால் மின்சாரம் முழுதும் சேசிஸுக்கு வரும், அங்கிருந்து பேஸின் கம்பிக்கு, அங்கிருந்து மைக்கைத் தொடும் உதட்டுக்கு. இதை நீக்கி, எர்த் சேர்த்த மூன்று கால் பிளக் போட்டிருந்தால் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது இல்லாத ஆம்பை நான் மேடைக்கு எடுத்துப் போக மாட்டேன்.

வோல்டேஜும் பாருங்கள். அமெரிக்காவில் விற்கச் செய்தவை 117 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 230 வோல்ட் உள்ள ஊரில் ஓட்டத் தனி ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்போதும் 50 ஹெர்ட்ஸில் சில பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மர்கள் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுச் சூட்டைப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள்.

ஸ்பீக்கருக்கு எளிய சோதனை: இரண்டு கை விரல்களையும் கூம்பின் இரு பக்கமும் வைத்து, நேராக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசும் ஓசை வந்தால் சுருள் இடம் மாறியிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். கூம்பு புதிதாகப் போட்டது என்றால் சேகரிப்பவருக்கு அது குறை, வாசிப்பவருக்கு அவ்வளவு குறையில்லை, நல்ல கையால் செய்திருந்தால். அப்புறம், எந்தச் சோதனைக்கும் ட்யூப் ஹெட்டை ஸ்பீக்கர் சேர்க்காமல் ஓட்டாதீர்கள், விற்பவர் ஓட்டவும் விடாதீர்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பி-15க்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது மூடியின் ரப்பர் பட்டையும் கொக்கிகளும். பட்டை காய்ந்து வெடித்திருந்தால் பெட்டி ஒழுகும், கீழ் ஒலி மெலியும், சில சுரங்களில் 'புஸ்' என்று காற்றுச் சத்தம் வரும். மலிவான பழுதுதான். ஆனால் அதைச் சரிசெய்யாமல் வாசித்துப் பார்த்துவிட்டு, பி-15 இவ்வளவுதானா என்று பலர் திரும்பிவிடுகிறார்கள்.

விலையைப் பற்றி. விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசை. விற்று முடிந்த விலைதான் சந்தை. விற்றுமுடிந்தவற்றைத் தேடி, அதே மாடல், அதே காலம், ஏறக்குறைய அதே நிலை என்று ஐந்தாறு பார்த்தால் ஒரு எல்லை தெரிந்துவிடும். அதிலிருந்து டெக்னீஷியன் சொல்லும் செலவைக் கழியுங்கள். கெபாசிட்டர் மாற்றம், ட்யூப், பிளக், ஸ்பீக்கர் பழுது எல்லாம் சேர்ந்தால், மலிவாகத் தெரிந்தது சர்வீஸ் செய்து வைத்திருப்பதைவிட விலை கூடிப்போவது சகஜம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் மாறியிருந்தால் நான் விலையைப் பெரிய அளவில் குறைத்துத்தான் கேட்பேன். பெட்டியின் மேல்துணி மாற்றியிருந்தாலும் அப்படியே. கிழிந்த அசல் துணியைவிடப் புதுத் துணிக்கு மதிப்பு குறைவு என்பது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் துணியை உரித்தவர் வேறு எதையெல்லாம் தொட்டிருப்பார் என்று வாங்குகிறவர் யோசிப்பது நியாயம்தானே.

இனி உங்கள் எஸ்விடி. விற்பதற்கு முன் ஒருமுறை டெக்னீஷியனிடம் கொடுத்து முழுதாகச் சோதியுங்கள். பவர் ட்யூப் ஒன்று போகும்போது அதோடு இணைந்த ஸ்க்ரீன் ரெசிஸ்டரும் எரிவது எஸ்விடியில் வழக்கம். அதை மட்டும் கவனிக்காமல் புது ட்யூப் போட்டு விற்றால், வாங்கியவருக்கு ஒரு வாரத்தில் தலைவலி, உங்களுக்குத் தொலைபேசி. என்ன செய்தார்கள் என்று எழுதிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு ஆம்போடு கொடுங்கள், கருகிய ரெசிஸ்டராக இருந்தாலும். அதைப் பார்க்கும்போது வாங்குகிறவருக்கு வரும் நம்பிக்கை தனி.

படம் எடுக்கும்போது முகப்பை நான்கு கோணத்தில் எடுப்பதைவிட, சேசிஸின் உள்பகுதி, டிரான்ஸ்ஃபார்மர் எண்கள், பாட் எண்கள், எட்டு ஸ்பீக்கரின் முதுகு என்று எடுங்கள். மாற்றியது எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். மெருகு போட்டுத் தேய்க்காதீர்கள். தூசியைத் துடைத்தால் போதும். ஹெட்டையும் கேபினட்டையும் தனித்தனியாக விற்பதுதான் உங்களுக்கு எளிது. 8×10 கேபினட்டைத் தொலைவுக்கு அனுப்பும் செலவு அதன் விலையையே தின்றுவிடும், அதைப் பக்கத்தில் இருப்பவருக்கு நேரில் கொடுங்கள். ஹெட் எங்கேயும் போகலாம்.

ஆனால் அனுப்பும்போது ட்யூப்களைக் கழற்றாமல் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருமுறை ஒரு ஹெட் வந்தது, வெளிப்பெட்டியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் திருகோடு பிய்ந்து உருண்டு நான்கு ட்யூப்களை மாவாக்கியிருந்தது. வழியில் யாரோ ஒருமுறை கீழே போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு ட்யூபிலும் எந்தக் குழியிலிருந்து எடுத்தது என்று சின்னச் சீட்டு ஒட்டி, தனித்தனியாகச் சுற்றி, வேறு பெட்டியில் அனுப்புங்கள். பவர் ட்யூப்கள் அந்தந்தக் குழியில் அளந்து வைத்தவை, இடம் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் திருகுகளை இறுக்கி, அவற்றுக்கு இடையில் கெட்டியான நுரையை அடைத்து, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வையுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எஸ்விடியை முதலில் விற்றுவிடாதீர்கள். பணத்துக்கு முடியுமென்றால் பி-15ஐ வாங்கி, அதே டிரம்மரோடு இரண்டு மூன்று மேடை வாசித்துப் பாருங்கள். மூன்றாவது மேடையிலும் குமிழை ஏற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது வி-4பி. அப்போது பி-15ஐ வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம், அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறார்கள்.